பதினாலாம் எண் வீட்டின் இருபத்துநாலு மணி நேரம்

பிப்ரவரி 3

ஆராய்ச்சிப் பேரரசியும் என் அக்கா பெற்ற ஒரே ரத்தினமுமாகிய மருமகளே,

இங்கே எல்லோரும் சுகம். உனக்குச் சளி விட்டதா, அறைத்தோழி இன்னும் குறட்டை விடுகிறாளா என்று எழுது.

இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போகும் கதையை ஒருத்தரும் நம்பப்போவதில்லை. முப்பத்தோரு வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக உட்கார்ந்து, வந்த பஸ்ஸுக்கும் வராத பஸ்ஸுக்கும் நேரம் குறித்த இந்தக் கையால் சத்தியம் செய்கிறேன்: நம்பமாட்டார்கள்.

நீ அனுப்பிய படிவக் கட்டு வந்தது. ஒரு நாளைக் கால் கால் மணியாக நறுக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் 'என்ன செய்தீர்கள், யாருக்காகச் செய்தீர்கள்' என்று கேட்டிருக்கிறாய். படிப்பின் பெயரோ 'பாலினமும் சர்வதேச வளர்ச்சியும்'. கடைசியில் சர்வதேசம் வந்து நிற்கிற இடம், நான் எத்தனை மணிக்குப் பல் விளக்கினேன் என்பது. போகட்டும். கால் மணிக் கட்டத்துக்குள் என் நிமிஷங்கள் அடங்கவில்லை, ஓரத்தில் எழுதியிருக்கிறேன்.

காலை 4.12: எழுந்தேன். சூரியன் பிந்தி வந்து மன்னிப்புக் கேட்டது.

4.25 முதல் 5.07 வரை: பால் காய்ச்சினேன். பொங்கிய பால் அடுப்பைத் தாண்டி, மாடிப்படியில் இறங்கி, தெருமுனைப் போலீஸ்காரரின் பூட்ஸை நனைத்தது.

5.10 முதல் 6.02 வரை: துணி துவைத்தேன். வெளுப்பைக் கண்டு கண் கூசிய சலவைக் கடைக்காரர் கடையை என் பேருக்கு எழுதித் தருவதாகச் சொன்னார். எனக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

6.10 முதல் 7.20 வரை: மகாராணியாரின் நீராட்டு. சேடிப்பெண்கள் அனைவரும் விடுப்பு. ஆகவே நானே.

7.25 முதல் 7.58 வரை: மகாராணியாருக்குச் சடை. பாலம் கட்டும் என்ஜினியர்கள் இரண்டு பேர் வந்து பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டு போனார்கள்.

இப்படியே இரவுவரை போகிறது. படித்துப் பயன் பெறுக. உன் அத்தையின் படிவத்தையும் நானே பூர்த்தி செய்துவிட்டேன். ஓய்வு, பதினாலு மணி நேரம். கொடுத்துவைத்த மனுஷி.

பக்கத்து வீடுகளுக்கும் படிவங்களை விநியோகித்துவிட்டேன். அடுப்பில் ஏதோ தன் இருப்பை அறிவிக்கிறது. மீதி பிறகு.

உன் மாமா


பிப்ரவரி 20

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். சளி விட்டது, குறட்டை விடவில்லை. அத்தை எப்படி இருக்கிறார்கள்? இதை உங்களிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. நாலு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். நாலு தடவையும் "உன் அத்தை குளிக்கிறாள்" என்றீர்கள். மீன்கூட அவ்வளவு நேரம் தண்ணீரில் இருக்காது.

உங்கள் படிவத்தைப் படித்தேன். தலையில் கை வைத்து உட்கார்ந்தேன்.

மாமா, இது விளையாட்டு இல்லை. வெளிநாட்டுக் களப்பணிக்கு வரவேண்டிய நிதி நின்றுபோனதால்தான் தெரிந்த நாற்பது வீடுகளுக்குத் தபாலில் படிவம் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். வீட்டு வேலையை யார் எவ்வளவு நேரம் செய்கிறார்கள், அது ஏன் எந்தக் கணக்கிலும் வருவதில்லை என்பதுதான் என் ஆய்வு. ஜூன் 30க்குள் கொடுக்காவிட்டால் என் சேர்க்கையே ரத்தாகிவிடும். ஏற்கெனவே இரண்டு வருஷம் தொலைத்தவள் நான், மறுபடி தொலைக்க என்னிடம் வருஷம் இல்லை.

உங்கள் வீட்டுக்கு எண் பதினாலு. அதில் ஆண் ஒன்பது மணி நேரம் வீட்டு வேலை செய்கிறார், பெண் பதினாலு மணி நேரம் ஓய்வெடுக்கிறார். இதுவரை வந்த மற்ற வீடுகளில் ஆண்கள் சராசரியாக இருபத்தைந்து நிமிஷம். அதிலும் பாதி, தன் செருப்பைத் தானே தேடியது.

விதி ஒன்றுதான்: அவரவர் படிவத்தை அவரவரே எழுத வேண்டும். இரண்டிலும் உங்கள் கையெழுத்து. புதிதாக இரண்டு படிவம் வைத்திருக்கிறேன். அத்தையிடம் பேனாவைக் கொடுங்கள். நீங்கள் தள்ளி நில்லுங்கள்.

வகுப்புக்கு நேரமாகிறது.

உங்கள் மருமகள்


மார்ச் 6

மருமகளே,

சுகம், சுகம், சுகத்துக்கு மேல் சுகம். உன் கோபமும் சுகமாக இருப்பது கடிதத்தில் தெரிந்தது.

திருத்திய படிவங்கள் இத்துடன். உன் ஆய்வு வழிகாட்டி அம்மா சந்தோஷப்படட்டும் என்று ஒன்பது மணி நேரத்தைப் பத்தே காலாக உயர்த்தியிருக்கிறேன். முதல் தடவை இரவு 1.50க்கும் 3.15க்கும் எழுந்ததை எழுத மறந்துவிட்டேன். மகாராணியார் திரும்பிப் படுக்க விரும்பினால் அரண்மனையே திரும்ப வேண்டும் அல்லவா?

மாலை 4.30 முதல் 5.15 வரை காய்கறிக் கடையில் என் வீர உலா. வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்தேன், கடைக்காரர் மனமும் ஒடிந்தது. 'இந்த மனுஷன் வந்தால் விலையைக் குறைத்துவிடு' என்று ஏழு கடைகளில் போர்டு மாட்டியிருக்கிறார்கள்.

உன் அத்தைக்கு எழுத நேரமில்லை. அவள் சொன்னாள், நான் எழுதினேன். தொலைபேசி இலாகாவில் முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் லைன் கொடுத்தவள் இப்போது எனக்கு லைன் கொடுக்கிறாள் என்று வைத்துக்கொள்.

வெளியூரில் இருக்கும் என் பயலுக்கும் ஒரு படிவம் அனுப்பச் சொல்லியிருந்தாய். அவனுக்கு ஆபீஸ் வேலை தலைக்கு மேல். தொந்தரவு செய்யவில்லை.

நன்றாகச் சாப்பிடு. உன் அம்மாவுக்கு இதையெல்லாம் எழுதாதே, அக்காவுக்கு நகைச்சுவை ஒத்துக்கொள்ளாது.

உன் மாமா


மார்ச் 24

மாமாவுக்கு,

நலம். உடம்புக்கு ஒன்றுமில்லை.

அத்தைக்குப் பதினாலு மணி நேரம் ஓய்வு, ஆனால் எழுத நேரமில்லை. நீங்களே ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

உங்கள் படிவத்தை வழிகாட்டி அம்மாவிடம் காட்டினேன். வெண்டைக்காய்வரை சிரித்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "உன் மாமா நல்ல கதை சொல்லி. அவரை வெளியே எடு. ஆண்கள் தாங்கள் செய்ததைக் கூட்டித்தான் சொல்வார்கள், ஆனால் இவ்வளவு கூட்டி நான் பார்த்ததில்லை" என்றார். எனக்குத்தான் தலைகுனிவு. என் சொந்த வீட்டு ஆளே என் வேலையைக் கேலிக்கூத்தாக்கினால் ஊரார் என்ன மதிப்பார்கள்?

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள், கோபித்தாலும் பரவாயில்லை. நீங்கள் ஒரு டம்ளரைக் கழுவி நான் பார்த்ததில்லை. சாப்பிட்ட தட்டைக்கூட அத்தைதான் எடுப்பார்கள். இப்போது அவர்களுடைய ஒரு நாளையும் பிடுங்கி உங்கள் கையெழுத்தில் எழுதிக்கொண்டீர்கள். பெண்கள் சார்பில் ஆண்களே பேசிவிடுவதைப் பற்றி என் இரண்டாம் அத்தியாயம் முழுக்க எழுதியிருக்கிறேன். உதாரணத்துக்கு இவ்வளவு தூரம் அலைந்திருக்க வேண்டாம்.

பதினாலாம் எண்ணை நீக்கிவிட்டேன். இனி உங்கள் வீட்டிலிருந்து படிவம் வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர்கள் எழுதியது இருந்தால் மட்டும் அனுப்புங்கள்.

அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள். குளித்து முடித்த பிறகு.

மருமகள்


ஏப்ரல் 28

மருமகளே,

சுகம். பதில் எழுத ஐந்து வாரம் ஆகிவிட்டது. பேனாவில் மை தீர்ந்து, மைக் கம்பெனிக்காரர்கள் கப்பல் ஏறி வந்து நிரப்பிவிட்டுப் போவதற்குள் இத்தனை நாள்.

டம்ளர் விஷயத்தில் நீ சொன்னது சரிதான். அதற்கு மேல் அதைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை.

அக்கம்பக்கத்துப் படிவங்கள் ஆறு வீட்டிலிருந்து இதில் இருக்கின்றன. ஐந்தை நான் மேற்பார்வையிட்டேன். கீழ்வீட்டுத் தையல்காரம்மா மட்டும் தன்னுடையதை உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்துவிட்டார். "பாப்பா கேட்டது என்னைய. உங்களை இல்ல" என்றார். ஆய்வின் உள்ளூர்ப் பொறுப்பாளன் என்ற முறையில் பிரித்துப் பார்க்க வேண்டுமென்று வாதாடினேன். கையில் கத்தரிக்கோல் வைத்திருக்கும் பெண்மணியிடம் எவ்வளவு வாதாட முடியுமோ அவ்வளவுதான் வாதாடினேன்.

ஜூன் 30 நெருங்குகிறது. வேறு யோசனை வேண்டாம். எழுது.

மாமா


மே 9

மாமா,

தையல்காரம்மாவின் படிவத்திலிருந்து அப்படியே எடுத்து எழுதுகிறேன்.

"மாலை 4.30 முதல் 5.15. என்ன செய்தீர்கள்: மாடிவீட்டு அம்மாவுக்குத் துணைக்கு உக்காந்தேன், வலது கையை மடக்கி நீட்டிப் பயிற்சி குடுத்தேன். யாருக்காக: மாடிவீட்டு அம்மாவுக்காக. ஐயா காய் வாங்கப் போற நேரம். குறிப்பு: ஜனவரி கடைசியிலேருந்து தினமும். பாவம் ஐயா ஒத்தை ஆளா எல்லாம் பாக்குறாரு, பாப்பாவுக்குத் தெரியுமோ தெரியாதோ."

பாப்பாவுக்குத் தெரியாது.

இதை நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். எதிரே இருந்த பையன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தான். அப்போதுதான் அழுகிறேன் என்றே தெரிந்தது.

உங்கள் பழைய படிவங்களை எடுத்து மறுபடி படித்தேன். குளியல் ஒரு மணி பத்து நிமிஷம். சடை முப்பத்து மூன்று நிமிஷம். இரவில் இரண்டு தடவை. எல்லாம் என் கண்ணெதிரே இருந்திருக்கிறது. என்ன ஆனது அத்தைக்கு? வலது கை மட்டுமா? பேசுகிறார்களா? மூன்று மாதமாக நாலாயிரம் பொய் எழுத நேரம் இருந்தது, இதை எழுத ஒரு வரி இல்லையா? யாரிடம் கோபப்படுவது என்றே தெரியவில்லை. உங்கள்மேல்தான் அதிகம், என்மேலும் குறைவில்லை.

நான் வருகிறேன். 20ஆம் தேதிக்கு டிக்கெட் பார்த்துவிட்டேன். ஆய்வு கிடக்கட்டும்.


மே 15

மருமகளே,

டிக்கெட் எடுத்திருந்தால் ரத்து செய். மற்றதைப் பிறகு படி.

ஜனவரி 11, காலை 6.35. சமையலறையில் உன் அத்தையின் கையிலிருந்து தட்டு விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் எழுந்திருக்கவில்லை. பக்கவாதம். இருபது நாள் ஆஸ்பத்திரி. வலது கை வரவில்லை, கால் பாதி வருகிறது. பேச்சு வேறு தடம் மாறி ஓடுகிறது: தண்ணீர் வேண்டுமென்றால் 'ஜன்னல்' என்கிறாள். முதல் வாரம் ஜன்னலைத் திறந்து திறந்து மூடினேன். அவள் கோபத்தில் கத்தியதுகூட 'செவ்வாய்க்கிழமை, செவ்வாய்க்கிழமை' என்றுதான் வந்தது. இப்போது எனக்கு அந்தப் பாஷை ஓரளவு ஓடுகிறது. போனில் உன்னிடம் எப்படிக் கொடுப்பேன்? அதனால்தான் குளிக்க அனுப்பினேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். வீட்டுக்கு வந்த அன்று உன் அம்மாவுக்குப் போன் போடப் போனேன். உன் அத்தை இடது கையைப் போன்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். எடுக்கவிடவில்லை. அரை மணி நேரம். வாய் வராதவளிடம் நான் தோற்றேன்.

அவள் நினைத்தது எனக்குப் புரிந்தது. நம் குடும்பத்தில் யார் படுத்தாலும் டாக்டருக்கு அடுத்தபடியாகக் கூப்பிடுவது வீட்டுப் பெண்ணை. உன் அப்பா படுத்தபோது அக்கா ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "பொண்ணுதான் இருக்காளே." உன் இரண்டு வருஷம் அந்த வார்த்தைக்குள் போயிற்று. அப்போது நானும் அந்தக் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். நல்ல யோசனை என்று தலையாட்டினேன். தட்டை அங்கேயே வைத்துவிட்டு எழுந்தேன்.

படிவத்தில் உண்மையை எழுதினால் தெரிந்துவிடும், எழுதாவிட்டால் உனக்குப் பொய் எழுதியவன் ஆவேன். அதனால் உண்மையை எழுதி அதற்கு முகமூடி மாட்டினேன். நேரத்தில் மட்டும் கை வைக்கவில்லை. அது தொழில்.

உன் அத்தை தனியாக எழுதியது இதற்குள் இருக்கிறது. நாலு நாள் ஆனது. நான் தள்ளித்தான் நின்றேன்.

மாமா


(உடன் வைத்த தாளில், பென்சிலில், கோணல் மாணலாக)

கண்ணு
வராதே
முடி
முடிச்சிட்டு வா
அத்தை


மே 27

அன்புள்ள அத்தைக்கும் மாமாவுக்கும்,

நலமாக இருக்கிறேன் என்று எழுதினால் நானும் மாமா மாதிரி ஆகிவிடுவேன். தூங்கவில்லை, சாப்பிடுகிறேன்.

அத்தை, டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். உங்கள் தாளை மேஜைக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறேன். அறைத்தோழி பார்த்துவிட்டு யார் இந்தக் கண்டிப்பான ஆள் என்று கேட்டாள்.

மாமா, இனி உங்களுக்கு. உங்களை என்ன செய்தால் தகும் என்று பத்து நாளாக யோசிக்கிறேன். பதினாலாம் எண்ணை மறுபடி சேர்த்திருக்கிறேன். வழிகாட்டி அம்மா, "இதில் எது பொய்?" என்று கேட்டார். கதையெல்லாம் பொய், நிமிஷமெல்லாம் நிஜம் என்றேன். நம்பவில்லை. தையல்காரம்மாவின் படிவத்தையும் உங்களுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். நீங்கள் வெண்டைக்காய் ஒடித்த அதே நேரத்தில் தையல்காரம்மா அத்தைக்குப் பக்கத்தில் இருந்தார். வழிகாட்டி அம்மா இரண்டையும் வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்தார். "இதைத் தனி அத்தியாயமாக எழுது" என்றார். நான் உங்களை நம்பாமல் போனதையும் சேர்த்து எழுதச் சொன்னார். அதுதான் கஷ்டமாக இருக்கிறது. எழுதுகிறேன்.

ஆனால் ஒரு கேள்வி. படித்ததிலிருந்து மண்டைக்குள் குடைகிறது. அத்தானுக்குத் தெரியுமா?

என்னைக் கூப்பிடக் கூடாது என்று உயிரைக் கொடுத்து மறைத்தீர்கள், அது சரி. அம்மாவுக்குச் சொல்லவில்லை, அதுவும் சரி. ஆறு மணி நேரப் பஸ் தூரத்தில் நீங்கள் பெற்ற பிள்ளை இருக்கிறானே, அவனைக் கூப்பிடலாம் என்று ஒரு நிமிஷமாவது தோன்றியதா? 'ஆபீஸ் வேலை தலைக்கு மேல்' என்று எழுதினீர்கள். அவன் சொன்னானா, நீங்களாக முடிவு செய்ததா?

போன் செய்யுங்கள். செய்த பிறகுதான் எனக்கு எழுதலாம்.

மருமகள்


ஜூன் 8

மருமகளே,

தோன்றவில்லை. ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. உன் கேள்வியைப் படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவன், அடுப்பில் பால் வைத்ததையே மறந்தேன். ஐந்து மாதம் அவன் வாரா வாரம் போன் செய்தான். வாரா வாரம் நானும் "சுகம்" என்றேன்.

சொன்னேன். "ஏன்ப்பா எங்கிட்ட சொல்லல?" என்றான். உனக்கு ஆபீஸ் இருக்கிறதே என்றேன். "அவளுக்குக் காலேஜ் இல்லையா? அவகிட்ட மறைக்கணும்னு தோணுச்சு, என்னைக் கூப்பிடணும்னு மட்டும் தோணலையா?" என்றான். நீங்கள் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு கேட்கிறீர்களா?

மூன்றாம் நாள் பையோடு வந்து இறங்கினான். ஒரு மாத விடுப்பு, அதற்கப்புறம் இங்கிருந்தே வேலையாம். முதலாளி சரியென்று சொல்ல இரண்டு நிமிஷம் எடுத்துக்கொண்டாராம். நான் எடுத்துக்கொண்டது ஐந்து மாதம்.

பயல் சமையலைப் பற்றி இப்போதைக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை. உன் அத்தை முதல் வாய் வைத்ததும் தெளிவாக, ஒரு எழுத்துப் பிசகாமல், "உப்பு" என்றாள். அவன் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதான்.

இன்னும் இருபத்திரண்டு நாள். எழுது.

மாமா


ஜூன் 30

அத்தைக்கு, மாமாவுக்கு, அத்தானுக்கு,

காலை பதினொன்றுக்குக் கொடுத்துவிட்டேன். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். பதினாலாம் எண் வீடு நாலாம் அத்தியாயம்.

அம்மாவிடம் நானே சொல்லிவிட்டேன். முதலில் உங்களைத் திட்டினாள். பிறகு, "நீ போய்க் கூட இருக்கலாமேடி" என்றாள். அத்தான் இருக்கிறான் என்றேன். "ஆம்பளைப் பையன் என்ன பாப்பான்?" என்றாள். நாலாம் அத்தியாயத்தை அனுப்பி வைக்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

12ஆம் தேதி வருகிறேன். அத்தையைப் பார்க்க மட்டும். வேலைப் பங்கீட்டில் என் பெயரைச் சேர்த்திருந்தால் இப்போதே அடித்துவிடுங்கள்.

மருமகள்


ஜூலை 5

முதுகலை முடித்த மகாமேதையே,

சுகம். இந்தத் தடவை அந்தச் சொல்லை அத்தையிடம் காட்டி அனுமதி வாங்கி எழுதுகிறேன்.

நீ ஆய்வைக் கொடுத்த செய்தி வந்த அன்று மாலை இங்கே நடந்ததைக் கேள். உன் அத்தை கடிதத்தை மூன்று தடவை படிக்கச் சொன்னாள். பிறகு எழுந்து நின்றாள். மாடிவாசலுக்குப் போனாள். தகவல் பரவி, நான் அந்தக் காலத்தில் நேரம் குறித்த அத்தனை பஸ்களும் தெருவில் வரிசையாக வந்து நின்றன. டிரைவர்கள் ஹார்ன் அடித்தார்கள். தையல்காரம்மா பதினேழு படிகளுக்கும் சிவப்பு வெல்வெட் தைத்து விரித்தார். போலீஸ்காரர் சல்யூட் வைத்த கையை இன்னும் இறக்கவில்லை. சலவைக் கடைக்காரர் ஆனந்தக் கண்ணீரில் ஒரு சுமை துணியை அலசி முடித்தார். மகாராணியார் பதினேழு படியும் இறங்கி, தெருவைக் கடந்து, முதல் பஸ்ஸில் ஏறி டிரைவரை எழுப்பிவிட்டுத் தானே ஓட்டிக்கொண்டு ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பின்சீட்டில் பயல் துணி மடித்துக்கொண்டிருந்தான்.

நம்பமாட்டாய். நம்ப வேண்டாம். உன் வழிகாட்டி அம்மா சொன்ன மாதிரி எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடு.

ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம், அதை வைத்துக்கொள். மூன்று படி. மேலிருந்து மூன்று படி, இடது கையால் சுவரைப் பிடித்து அவளே இறங்கினாள். நான் கை கொடுக்கப் போனேன். தட்டிவிட்டாள்.

மாமா